பாலைவனத்தில் ஓர் ஊற்றுக்கண்: அல் ஐன் போய் வரலாம், வாங்க!

மகனோ மகளோ துபாயில் வேலை பார்க்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் கிளம்புகிறார்கள். முதல் வாரம் புர்ஜ் கலீஃபா, துபாய் மால், கோல்டு சூக், ஒரு டெசர்ட் சஃபாரி. இரண்டாவது வாரம் இன்னொரு மால். மூன்றாவது வாரம் அம்மா மெதுவாகக் கேட்பார்: "ஏம்ப்பா, இந்த ஊர்க்காரங்கல்லாம் எங்க இருக்காங்க? எண்ணெய் கிடைக்கிறதுக்கு முன்னாடி இவங்க எப்படிப் பொழைச்சாங்க? அதைக் காட்டுற இடம் ஒண்ணும் இல்லையா?"

இருக்கிறது. துபாயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். பெயர், அல் ஐன்.

அபுதாபி அமீரகத்தின் இரண்டாவது பெரிய நகரம் இது. அபுதாபி நகரிலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். கடல் கிடையாது. வானத்தைக் குத்தும் கோபுரங்களும் கிடையாது. கட்டடங்கள் இவ்வளவுதான் உயரலாம் என்று இங்கே கட்டுப்பாடு உண்டு என்பதால், ஊரின் எந்தப் பக்கம் நின்றாலும் வானம் முழுசாகத் தெரியும். ஒரு பக்கம் சிவந்த மணல்மேடுகள், மறுபக்கம் தனியாக எழுந்து நிற்கும் ஒரு மொட்டை மலை, நடுவில் பேரீச்சந்தோப்புகள். 'தோட்ட நகரம்' என்று அமீரகத்தில் இதற்குச் செல்லப் பெயர்.

'ஐன்' என்ற அரபுச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கண். இன்னொன்று நீரூற்று. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் பீறிடும் இடத்தை 'ஊற்றுக்கண்' என்று சொல்லும் மொழியல்லவா நம்முடையது!

தோப்புக்குள் ஒரு நடை

ஊரின் நட்டநடுவில் இருக்கிறது அல் ஐன் பாலைவனச்சோலை. 'பாலைவனச்சோலை' என்றதும் நான்கு ஈச்சமரமும் ஒரு குட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். பாடப்புத்தகத்துப் படம் அப்படி. இங்கே இருப்பதோ 1,47,000-க்கும் அதிகமான பேரீச்ச மரங்கள். அவற்றில் ஏறத்தாழ 100 ரகங்கள்.

வெளியே டாக்ஸியை விட்டு இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். வாசலைத் தாண்டி உள்ளே நூறடி நடந்தால் போதும், யாரோ ஏ.சி. போட்டதுபோல் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் நிறச் சுவர்கள். நடுவில் வளைந்து வளைந்து போகும் குறுகிய பாதை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். தலைக்கு மேலே ஈச்ச மட்டைகள் கூரை போட்டிருக்கும். அதற்குக் கீழே மாமரம், எலுமிச்சை, அத்தி, வாழை. அதற்கும் கீழே, தரையில் ஆடு மாடுகளுக்கான தீவனப் பயிர். உயரமான மரம் வெயிலைத் தாங்கிக்கொள்ள, அதன் நிழலில் நடுத்தர மரம், அதன் நிழலில் சிறு பயிர் என்று மூன்று அடுக்கு விவசாயம். ஈச்சமரம் இல்லையென்றால் கீழே இருக்கும் எதுவும் ஒரு கோடையைக்கூடத் தாங்காது.

உள்ளே வண்டிச் சத்தம் கிடையாது. புறாக்களின் முனகல், எங்கோ மட்டை வெட்டும் சத்தம், பாதையோரம் சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சலசலப்பு. நுழைவுக்கட்டணம் இல்லை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி, இளசுகளுக்கு வாடகை சைக்கிள் உண்டு. ஆனாலும் நடப்பதுதான் சுகம். வழி தப்பினால் பதற வேண்டாம். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு வாசல் வந்துவிடும்.

பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இங்கே பத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த வாய்க்காலைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அல் ஐனின் மொத்தக் கதையும் அதில்தான் ஓடுகிறது.

3,000 வருஷத் தண்ணீர்க் குழாய்

அந்த வாய்க்காலின் பெயர் ஃபலஜ். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து முதலில் ஒரு ஆழமான கிணறு வெட்டுவார்கள். இதுதான் தாய்க்கிணறு. அங்கிருந்து ஊரை நோக்கிப் பூமிக்கு அடியிலேயே ஒரு சுரங்க வாய்க்கால். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசான சரிவு. சரிவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்துச் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் தேங்கிவிடும். இடையிடையே, தோண்டிய மண்ணை மேலே எடுக்கவும் காற்று போகவும், பின்னாளில் உள்ளே இறங்கித் தூர் வாரவும் செங்குத்தான குழிகள். இப்படிப் பல கிலோமீட்டர். கடைசியில் ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர் தானாகவே வெளிச்சத்துக்கு வரும். மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது, இறைக்க மாடும் கிடையாது. தண்ணீர் தன் எடையில் தானே வந்து சேர்கிறது. பூமிக்கு அடியில் வருவதால் வெயிலில் ஆவியாவதும் இல்லை.

அல் ஐனின் வடபகுதியில் உள்ள ஹிலியில் தொல்லியல் ஆய்வாளர்கள் கண்டெடுத்த ஒரு ஃபலஜ், கி.மு. 1000 வாக்கில் வெட்டப்பட்டது. உலகின் மிகப் பழைய ஃபலஜ்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள்.

தண்ணீரைக் கொண்டுவருவது பாதி வேலைதான். அதைச் சண்டை இல்லாமல் பிரிப்பது மீதிப் பாதி. ஃபலஜ் வெளியே வரும் முதல் இடத்தில் குடிக்க மட்டும்தான் தண்ணீர் எடுக்கலாம். அதற்குக் கீழே பள்ளிவாசலுக்கு, குளிக்க, துவைக்க. அதற்கும் கீழேதான் தோட்டங்கள். தோட்டங்களுக்குள் முறை வைத்துப் பாய்ச்சல். இன்னாருக்கு இத்தனை நேரம் என்று கணக்கு. பகலில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பார்கள், இரவில் நட்சத்திரம் எழுவதையும் மறைவதையும் பார்ப்பார்கள். இதையெல்லாம் மேற்பார்க்க ஊரே ஒப்புக்கொண்ட ஒருவர் இருப்பார். அவரை 'அரீஃப்' என்பார்கள். விவரம் தெரிந்தவர் என்று பொருள். மடையைத் திறந்து அடைக்கும் அதிகாரம் அவருடையது. அவர் சொன்னால் பேச்சு முடிந்தது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருந்துவிட்டால், அதை விலைக்கு விற்கவும் ஆள் இருப்பார்கள்தானே? இங்கேயும் அது நடந்தது. தண்ணீர் முறைகள் வசதியான சில குடும்பங்களின் கையில் சேர்ந்தன. சின்னத் தோட்டக்காரர்கள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டிய நிலை. 1946-ல் இந்தப் பகுதியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார் ஷேக் சயீத். பின்னாளில் ஐக்கிய அரபு அமீரகத்தை உருவாக்கி அதன் முதல் அதிபரான அதே சயீத்தான். அப்போது எண்ணெய்ப் பணம் என்ற பேச்சே இல்லை. தூர்ந்து கிடந்த ஃபலஜ்களைச் சுத்தம் செய்ய வைத்தார். தானும் இறங்கி வேலை செய்தார் என்பார்கள். அல் சரூஜ் என்ற புதிய ஃபலஜைத் தோண்ட ஆரம்பித்தார். அது முடிய கிட்டத்தட்ட 18 வருஷம் பிடித்தது. அதோடு, தன் குடும்பத்துக்கு இருந்த தண்ணீர் உரிமையை முதலில் விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற பெரிய குடும்பங்களையும் விட்டுக்கொடுக்கச் சொன்னார். தண்ணீருக்குக் காசு வாங்குவது நின்றது. அவரைப் பற்றி இன்றும் அல் ஐன் பெரியவர்கள் பேசினால், கோபுரங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள். இந்த வாய்க்கால் கதையைத்தான் சொல்வார்கள்.

2011-ல் அல் ஐனின் தொல்லியல் இடங்களும் ஆறு பாலைவனச்சோலைகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அமீரகத்தில் இந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்தவை இவைதான். 2020-ல் ஃபலஜ் வெட்டுவது, பராமரிப்பது, பங்கிடுவது என்ற அந்த அறிவுக்கும் தனியாக யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது.

கூடவே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. ஊர் வளர வளர ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் கீழே கீழே இறங்கிவிட்டது. இன்று தோப்பு வாய்க்கால்களில் நீங்கள் பார்க்கும் தண்ணீர் பெரும்பாலும் தாய்க்கிணற்றிலிருந்து தானாக வருவதல்ல. பம்ப் வைத்து ஏற்றப்பட்டு, பழைய வாய்க்காலில் விடப்படுவது. ஊரின் குடிநீரோ ஃபுஜைரா கடற்கரையில் உப்பு நீக்கப்பட்டு, மலைகளைத் தாண்டி நீண்ட குழாய்களில் வருகிறது. ஊற்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊர், கடல் தண்ணீரைக் குடிக்கிறது! முறை வைத்துப் பாய்ச்சும் பழக்கம் மட்டும் தோப்புகளில் இன்னும் விட்டுப்போகவில்லை.

பேரீச்சம்பழம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் எப்படி?

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் கோடாலித் தைலம், டேங் பொடி, பேரீச்சம்பழ டப்பா மூன்றும் கட்டாயம் இருக்கும். அந்த டப்பாவுக்குள் இருப்பது பழத்தின் கடைசிப் பருவம் மட்டும்தான் என்பது இங்கே வந்தால் புரியும். மாங்காய், செங்காய், பழம் என்று நாம் சொல்வதுபோல் அரபியில் பேரீச்சைக்கும் பருவத்துக்கு ஒரு பெயர். பச்சைக் காய் கிம்ரி. மஞ்சளோ சிவப்போ ஏறி, கடித்தால் நறுக்கென்று இருப்பது கலால். பாதி கனிந்து, வாயில் போட்டால் கரைவது ருதப். நன்றாகக் காய்ந்து, வருஷம் முழுக்கத் தாங்குவது தம்ர்.

ருதப் கிடைப்பது கோடையில் மட்டும். வெயிலுக்குப் பயந்து குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு அது கொடுத்துவைக்கவில்லை. ஜூலையில் அங்கே இருக்க நேர்ந்தால், கடைகளில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும் கலாஸ், குனைஸி, பர்ஹி ரகங்களில் கால் கிலோ வீதம் வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். டப்பாப் பழம் அப்புறம் ருசிக்காது.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய்ப்பு சரியாக வராது என்பதால், வசந்த காலத்தில் ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெண் மரத்திலும் ஏறிக் கையால் சேர்க்கிறார்கள். ஏறுவதற்கு இடுப்பையும் மரத்தையும் சுற்றிய ஒரு கயிற்றுப் பட்டை. பெயர் ஹாபூல். நம் பனையேறிகள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இன்று அந்தப் பட்டையைக் கட்டி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். தோட்டம் எமிராட்டி குடும்பத்துடையது, மரத்தின் மேல் இருக்கும் கை வேறு நாட்டுடையது. பச்சைப் பசேல் என்று படம் எடுக்கிறவர்கள், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மேலே இருக்கும் அந்த ஆளையும் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கலாம்.

மரத்தில் எதையும் வீணாக்கியதில்லை. மட்டையில் வீடு, ஓலையில் பாய், கூடை, நாரில் கயிறு. பழைய வீடுகளிலும் கோட்டைகளிலும் 'மத்பஸா' என்று ஓர் அறையைப் பார்க்கலாம். தரை முழுக்க வரிவரியாகக் குட்டி வாய்க்கால்கள். அதன்மேல் பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். மேல் மூட்டையின் கனத்தில் கீழ் மூட்டை நசுங்கி, பாகு சொட்டுச் சொட்டாக வடிந்து ஒரு மூலையில் இருக்கும் ஜாடியில் சேரும். இங்கேயும் ஒரு வாய்க்கால், அதுவும் சரிவில்!

தட்டில் என்ன?

வளைகுடா சாப்பாடு என்றதும் மந்தி, ஷவர்மா என்பார்கள். மந்தி ஏமன் நாட்டுடையது. ஷவர்மா லெபனான், சிரியா பக்கத்திலிருந்து வந்தது. அமீரகத்தின் சொந்தச் சமையல் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் அல் ஐனில் தேடித்தான் சாப்பிட வேண்டும். மெனுவில் கீழே உள்ள பெயர்களைப் பார்த்தால் விடாதீர்கள்.

ஹரீஸ்: கோதுமையையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் வேகவைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை கடைந்து, மேலே நெய் விட்டது. ரமலானிலும் கல்யாணத்திலும் இது இல்லாமல் நடக்காது. ஹைதராபாத் ஹலீமுக்கு இதுதான் மூத்த உறவு. ஆனால் மசாலா கிட்டத்தட்டக் கிடையாது. முதல் வாயில் 'என்ன இது, உப்புக்கஞ்சி மாதிரி' என்று தோன்றும். மூன்றாவது வாயில் பிடித்துவிடும்.

மச்பூஸ்: கறியோ மீனோ வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைக்கும் சாதம். பிரியாணி என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான். இதன் உயிர், 'லூமி' என்ற காய்ந்த எலுமிச்சை. கறுத்துச் சுருங்கி, பார்க்க எதற்கும் ஆகாததுபோல் இருக்கும். குழம்பில் விழுந்தால் புளிப்பும் லேசான கசப்பும் சேர்ந்து ஒரு வாசனை தரும். நூறு கிராம் வாங்கி வந்து ஊரில் ரசத்தில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

பலாலீத்: குங்குமப்பூ, ஏலக்காய் போட்ட இனிப்புச் சேமியா. அதன்மேல் முட்டை ஆம்லெட்! காலை உணவு. நம்மூர் நாக்குக்கு இது ஒரு சோதனைதான். குழந்தைகள் என்னவோ மறுபேச்சில்லாமல் காலி செய்துவிடுகிறார்கள்.

ரிகாக் என்பது சூடான கல்லில் மாவைக் கையால் தேய்த்து மெல்லியதாக இழுக்கும் முறுகல் ரொட்டி. சீஸ், முட்டை வைத்து மடித்துத் தருவார்கள். லுகைமாத், எண்ணெயில் பொரித்த சின்ன மாவு உருண்டைகளின்மேல் பேரீச்சம்பாகை ஊற்றி எள் தூவியது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் லுகைமாத்தை நம்பி இறங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் கவலையில்லை, அல் ஐனில் மசாலா தோசை கிடைக்கும், சேட்டன் கடையில் கடக் சாயாவும் கிடைக்கும்.

காபி மட்டும் கட்டாயம். 'கஹ்வா' என்பார்கள். லேசாக வறுத்த கொட்டை, ஏலக்காய். பொன்னிறத்தில், சர்க்கரை இல்லாமல், கைப்பிடியில்லாத குட்டிக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றுவார்கள். 'இவ்வளவுதானா' என்று நினைக்க வேண்டாம். கிண்ணத்தை நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாயால் சொல்லத் தேவையில்லை, கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். இது தெரியாமல் எட்டு கிண்ணம் குடித்துவிட்டு ராத்திரி தூங்காமல் தவிக்கிறவர்கள் உண்டு. வலது கையால் வாங்குங்கள். கூடவே வரும் பேரீச்சம்பழத்தின் இனிப்பும் கஹ்வாவின் கசப்பும் ஒன்றுக்கு ஒன்று துணை.

மலையடியில் 5,000 வருஷக் கல்லறைகள்

ஊருக்குத் தெற்கே ஜெபல் ஹஃபீத் மலை. ஏறத்தாழ 1,240 மீட்டர் உயரம். அபுதாபி அமீரகத்தில் இதுதான் உச்சி. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை என்பதால் சிப்பி, சங்கு போன்றவற்றின் புதைபடிவங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் தேன்கூடு போன்ற வடிவில் கல் அடுக்கிக் கட்டிய கல்லறைகள் சிதறிக் கிடக்கின்றன. சுமார் 5,000 வருஷம் பழையவை. 1959-ல் அபுதாபி அருகே அகழாய்வு செய்துகொண்டிருந்த டென்மார்க் தொல்லியலாளர்களிடம், 'இதே மாதிரி எங்கள் ஊர்ப் பக்கமும் நிறைய இருக்கிறது' என்று சொல்லி அழைத்து வந்தவரும் ஷேக் சயீத்தான். சில கல்லறைகளில் மெசபொட்டேமியா மட்பாண்டங்கள் இருந்தன. பின்னால் வந்த காலத்தைச் சேர்ந்த ஹிலியிலோ சிந்துவெளிப் பானை ஓடுகள் கிடைத்தன. யாருமில்லாத பாலைவனம் என்று நாம் நினைக்கும் இடத்துக்கு 4,000 வருஷத்துக்கு முன்பே நம் துணைக்கண்டத்துச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது.

ஹிலி தொல்லியல் பூங்காவில் உள்ள பெரிய வட்டக் கல்லறையின் வாசல் கல்லை நின்று பாருங்கள். இரண்டு மான்கள், நடுவில் மனித உருவங்கள். நீண்ட கொம்புள்ள அந்த மான், ஓரிக்ஸ்.

கல்லில் நிற்கும் அந்த ஓரிக்ஸை உயிரோடு பார்க்க அல் ஐன் மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம். 1968-ல் தொடங்கப்பட்டது. வேட்டைத் துப்பாக்கியும் ஜீப்பும் வந்த பிறகு அரேபிய ஓரிக்ஸ் வேகமாகக் குறைந்து, 1972-ல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது. கூண்டுகளில் எஞ்சியவற்றைப் பெருக்கி மறுபடி பாலைவனத்தில் விட்டார்கள். 2011-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதன் ஆபத்து நிலையைக் குறைத்தது. காட்டில் அற்றுப்போன ஒரு விலங்கு இவ்வளவு தூரம் மீண்டது அதுவே முதல்முறை. குழந்தைகளை அழைத்துப் போனால் மணல் பூனையையும் கேளுங்கள். வீட்டுப் பூனையைவிடச் சின்னது. பாதத்தில் ரோமம் அடர்ந்திருக்கும். சுடுமணலில் செருப்பு போட்டு நடப்பதுபோல.

மலையிலும் உயிர்கள் உண்டு. பல ஆண்டுகளாகக் கண்ணில் படாமலிருந்த அரேபிய மலையாடு ஒன்று 2019-ல் இங்கே மறுபடி தென்பட்டது. மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகும் இங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டுகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பிரசாதம் வாங்க வந்து போனதாக நம் தாத்தா பாட்டிகள் பார்த்து வியந்த அதே இனம். நம்மூர்க் குன்றில் அது வருவது நின்று பல வருஷம் ஆகிவிட்டது.

கோட்டையும் ஒட்டகச் சந்தையும்

நேரம் இருந்தால் அல் ஜாஹிலி கோட்டை. 1890-களில் கட்டப்பட்டது. கேக் அடுக்கியதுபோல் நான்கு வட்டங்களாக மேலே குறுகும் அதன் காவல் கோபுரம்தான் ஊரின் அடையாளப் படம். உள்ளே, 1940-களில் ஒட்டகத்தில் ருப் அல் காலி பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேயர் வில்ஃப்ரெட் தெசிகர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருக்கு பதூயின் தோழர்கள் வைத்த பெயர் 'முபாரக் பின் லண்டன்'. லண்டனுக்குப் பிறந்த முபாரக்!

ஒட்டகச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். அமீரகத்தில் பழைய பாணியில் நடக்கும் சந்தைகளில் இது மிச்சமிருக்கும் ஒன்று. ஒரு எச்சரிக்கை: 'வாங்க, ஒட்டகத்தோடு படம் எடுங்க' என்று அன்பாகக் கூப்பிட்டு, எடுத்த பிறகு காசு கேட்பவர்கள் உண்டு. முதலிலேயே பேசிவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போக வேண்டாம். ஒட்டகம் தும்மும்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் மார்ச் வரை உகந்த காலம். துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு. ஊருக்குள் டாக்ஸி. கோட்டை, அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை நாள் மாறுபடும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல இடங்கள் மூடியிருக்கும். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை நல்லது. உள்ளூர்ப் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது. ஊரை ஒட்டியே இருக்கும் புரைமி, ஓமன் நாடு. முன்பு பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் போய் வந்தார்கள். இப்போது வேலியும் சோதனைச் சாவடியும் உண்டு. செல்போன் மேப் காட்டும் குறுக்குவழியை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

மழை வருமா என்று கேட்டால், பொதுவாக வராது. அமீரகத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால், 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 1949-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அந்த நாடு காணாத மழை. சொட்டுத் தண்ணீருக்கு நட்சத்திரம் பார்த்துக் கணக்கு வைத்த ஊரில், இரண்டு வருஷத்துக்கும் மேலான தண்ணீர் ஒரே நாளில் ஓடிப்போனது.

கடைசியாக, சாயங்காலத்துக்கு ஹஃபீத் மலையை வைத்துக்கொள்ளுங்கள். உச்சிவரை சுமார் 12 கிலோமீட்டர் சாலை, 60 வளைவுகள். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருவது உத்தமம். ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் கிரீன் முபஸ்ஸரா. பூமியிலிருந்து சூடாக வரும் ஊற்று நீர், புல்வெளி நடுவே கல் வாய்க்காலில் ஓடும். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, பாத்திரம் திறந்து, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருப்பார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று பக்கத்தில் இருப்பவர் உருதுவில் சொல்வார், அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

உச்சியில் இருட்டும்வரை நில்லுங்கள். ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்து, கீழே ஊர் முழுக்க மஞ்சள் புள்ளிகளாக விரியும். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் அங்கங்கே கறுப்பாகச் சில திட்டுகள் தெரியும். கரண்ட் போய்விட்டதோ என்று பேரன் கேட்பான். காலையில் நடந்து வந்த தோப்பு அதுதான் என்று அவனுக்குக் காட்டுங்கள்.